ஆடியில் ஒரு கல்யாணமும் எங்கள் வீட்டு வேத ஆராய்ச்சியும்

என் அண்ணன் மகளுக்குப் பேசி முடித்த மாப்பிள்ளைக்கு மஸ்கட்டில் வேலை. அவருக்கு லீவு கிடைப்பதே ஜூலைக் கடைசியில்தான். அதாவது ஆடி மாதம். சேலத்தில் ஆடி என்றால் என்னவென்று இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு மாவட்டத்துக்கே லீவு விடுவார்கள். குகை, அம்மாபேட்டை, செவ்வாய்ப்பேட்டை என்று ஒவ்வொரு பேட்டையிலும் மாரியம்மன் கோயில், பூச்சாட்டு, கூழ். கல்யாண மண்டபங்கள் மட்டும் காற்று வாங்கும். நாங்கள் தலைமுறைகளாக சி.எஸ்.ஐ. சபைக் கிறிஸ்தவர்கள். ஆனாலும் "ஆடியிலயா?" என்று முதலில் கேட்டது எங்கள் அம்மாதான். அடுத்து அண்ணி. அன்று ராத்திரியே ஏற்காட்டிலிருந்து பெரியப்பா போன் போட்டார்.

ஏன் ஆகாது என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம். ஆடியில் கல்யாணம் செய்தால் சித்திரை வெயிலில் பிரசவம் வரும் என்றார் அண்ணி. மஸ்கட்டில் சித்திரை என்ன, வைகாசி என்ன? ஆடி விதைப்புக் காலம், அந்தக் காலத்தில் கையில் காசு இருக்காது என்றார் பெரியப்பா. அதுவாவது நியாயமான காரணம். ஆனால் எங்கள் வீட்டில் விதைக்கிறவர் யாரும் இல்லை. அம்மா மட்டும்தான் உள்ளதைச் சொன்னார்: "ஏதாவது ஒண்ணு ஆயிட்டா அப்புறம் ஊரே பேசும் கண்ணு."

அண்ணன் சண்டைக்குப் போகவில்லை. "உட்கார்ந்து பைபிளைப் படிப்போம். வசனம் என்ன சொல்லுதோ பார்த்துக்கலாம்" என்றார். அஸ்தம்பட்டியில் எங்கள் வீட்டு முன்கூடத்தில் வியாழக்கிழமை சாயங்காலம் கூடுவது என்று முடிவானது. பெரோயா ஊர்க்காரர்கள் பவுல் சொன்னதையே வேதத்தில் தினமும் ஆராய்ந்து பார்த்தார்கள் என்று அப்போஸ்தலர் 17இல் இருக்கிறதே, பெரியப்பா சொல்வதை நாம் ஆராய்வதில் தப்பில்லை என்று அவரே சிரித்துக்கொண்டு ஒத்துக்கொண்டார். தட்டுவடை செட் வாங்கி வைத்தால் இளசுகளும் வந்து உட்கார்ந்துவிடும்.

இதே மாதிரி செய்ய நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். பந்தக்கால் நட்ட பிறகு ஆரம்பிக்காதீர்கள். மண்டபத்தில் வைத்து ஆரம்பிக்கவே ஆரம்பிக்காதீர்கள். அங்கே யார் என்ன வசனம் சொன்னாலும் அது சபையில் அவமானப்படுத்தியதாகத்தான் போய் நிற்கும். நாங்கள் மாசியிலேயே தொடங்கிவிட்டோம். ஒரு கூடுகைக்கு ஒரே ஒரு பழக்கம். அந்தப் பழக்கத்தை வீட்டில் யார் அதிகம் மதிக்கிறாரோ அவர்தான் முதலில் பேச வேண்டும், குறுக்கே யாரும் பேசக் கூடாது. அப்புறம் வசனத்தை ஒற்றை வரியாக எடுக்காமல் அதிகாரம் முழுவதையும் வாசிக்க வேண்டும். இந்தக் கடைசி விதி அண்ணி போட்டது. அது இல்லாவிட்டால் ஆளுக்கொரு வசனத்தை எடுத்து எறிந்துகொண்டிருந்திருப்போம்.

முதலில் மாற்கு 7. கைகழுவாமல் சாப்பிடுகிறார்கள் என்று இயேசுவின் சீஷர்கள்மேல், யூத ஆசாரங்களில் கண்டிப்பான பரிசேயர் குறை சொல்கிற இடம். "நீங்கள் தேவனுடைய கட்டளையைத் தள்ளிவிட்டு, மனுஷருடைய பாரம்பரியத்தைக் கைக்கொண்டுவருகிறவர்களாய்" என்ற வசனம் எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால் அதற்கு இயேசு கொடுக்கும் உதாரணத்தை நாங்கள் யாரும் சரியாகக் கவனித்ததில்லை. கை கழுவுவது எந்த ஊர்ப் பழக்கம், யாரிடமிருந்து வந்தது என்று அவர் கேட்கவே இல்லை. கொர்பானை எடுக்கிறார். பெற்றோருக்குச் சேர வேண்டிய பணத்தை "இது கடவுளுக்குக் காணிக்கை" என்று சொல்லிவிட்டால் பிள்ளைக்கு அவர்களைக் காப்பாற்றும் கடமை தீர்ந்தது என்று ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். அதனால் ஒரு வயசான தாயோ தகப்பனோ கைவிடப்படுகிறார். இயேசு கோபப்படுவது அதற்குத்தான்.

கிறிஸ்தவ வீடுகளில் பாரம்பரியம் என்ற பேச்சு வந்தாலே "இது இந்துப் பழக்கமா, நம்ம பழக்கமா?" என்றுதான் ஆரம்பிப்போம். அந்தக் கேள்வியால் சண்டைதான் வருமே தவிர ஒன்றும் தெளியாது. அரிசி, மஞ்சள், மல்லிகை, வாழைமரம் எல்லாம் இந்த மண்ணில் விளைகிறவை. எந்த மதமும் அதற்குப் பட்டா வாங்கி வைத்திருக்கவில்லை. அதைவிட நல்ல கேள்வி மாற்கு 7இலேயே இருக்கிறது: இந்தப் பழக்கத்தால் எந்தக் கட்டளை ஓரங்கட்டப்படுகிறது? அதற்கு விலை கொடுக்கிறவர் யார்?

ஆடிப் பேச்சு சீக்கிரம் முடிந்தது. உபாகமம் 18இல் விலக்கச் சொல்லும் வரிசையில் "நாள்பார்க்கிறவன்" பளிச்சென்று இருக்கிறது. கொலோசெயர் 2 பண்டிகைநாளையும் மாதப்பிறப்பையும் குறித்து ஒருவனும் உங்களைக் குற்றப்படுத்தாதிருப்பானாக என்கிறது. ராகு காலம் பார்த்துத்தான் பத்திரிகையில் நேரம் போட வேண்டும் என்ற மாமாவிடம் என் மகன், "ஞாயித்துக்கிழமை ராகு காலம் நாலரையிலிருந்து ஆறு. நம்ம சாயங்கால ஆராதனையே அஞ்சு மணிக்குத்தானே மாமா?" என்றான். மாமாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அதற்குப் பெரியப்பா கேட்ட எதிர்க்கேள்விதான் நல்ல கேள்வி. "அப்ப லெந்து நாள்ல மட்டும் ஏன் சபையில கல்யாணம் வைக்க மாட்டேங்கறாங்க? அது எந்த வசனத்துல இருக்கு?" எந்த வசனத்திலும் இல்லை. ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் என்பது சபையின் பழக்கம். 325இல் நிசேயாவில் கூடிய சங்கத்தின் ஐந்தாவது விதியிலேயே அதைப் பற்றிப் பேச்சு வருகிறது. அவ்வளவு பழையது, ஆனால் வேதக் கட்டளை அல்ல. ஆடியை ஒரு தராசிலும் லெந்தை வேறு தராசிலும் நிறுக்க முடியாதே. ரோமர் 14ஐ வாசித்தோம். ஒருவன் ஒருநாளை விசேஷமாக எண்ணுகிறான், வேறொருவன் எல்லா நாட்களையும் சரியாக எண்ணுகிறான், அவனவன் தன் மனதில் நிச்சயமாயிருக்கட்டும் என்கிறார் பவுல். லெந்தில் ஒடுக்கமாக இருப்பதில் பயம் இல்லை. மீறினால் குடும்பத்துக்கு ஆகாது என்று யாரும் மிரட்டுவதில்லை. யாராவது அப்படி மிரட்ட ஆரம்பித்தால் அதுவும் ஆடிதான். இந்த இடத்தில் பெரியப்பா தலையாட்டினார், ஆனால் முழுசாக ஆட்டவில்லை.

மண்டபக்காரர் ஆடி என்றதும் வாடகையைக் கணிசமாகக் குறைத்தார். ஆடித் தள்ளுபடியில் கல்யாணப் புடவை எடுப்பதில் அண்ணிக்கு எந்த இடறலும் இருக்கவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

பெரியப்பா லேசான ஆள் இல்லை. ஏற்காட்டில் காபி எஸ்டேட்டில் ரைட்டராக இருந்து ரிட்டையர் ஆனவர். ஆள்களின் பேரேடு மாதிரியே வேதாகமத்தையும் வரி வரியாகப் படித்து வைத்திருப்பவர். அடுத்த கூடுகைக்கு இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி பஸ்ஸில் நேரிலேயே வந்து எரேமியா 35ஐ எடுத்து வைத்தார். ரேகாபியர் கதை. திராட்சரசம் குடிக்காதே, வீடு கட்டாதே, கூடாரத்திலேயே குடியிரு என்று அவர்கள் முன்னோர் யோனதாப் சொல்லி வைத்ததைத் தலைமுறை தலைமுறையாகக் காத்தவர்கள். எரேமியாவே திராட்சரசத்தை முன்னால் வைத்துக் குடிக்கச் சொல்லியும் குடிக்கவில்லை. கடவுள் அவர்களை மெச்சினார். "பெரியவங்க சொன்னதை மதிச்சதுக்கே ஆண்டவர் பாராட்டறார். நீங்க எல்லாத்தையும் நோண்டிக்கிட்டிருக்கீங்க."

அன்று கூடத்தில் கொஞ்ச நேரம் யாருக்கும் பதில் வரவில்லை. கடைசியில் அண்ணிதான் பேசினார். "ரேகாபியர் குடிக்காம இருந்தது அவங்க கஷ்டம் மாமா. அடுத்த வீட்டுப் பொண்ணு தலையில அதை வைக்கலையே." பெரியப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதற்கு அவர் மறுப்புச் சொல்லவில்லை. ஆனால் அவர் சொன்னதையும் நாங்கள் விட்டுவிடவில்லை. தலைமுறையாக வீட்டில் இருக்கும் ராத்திரி குடும்ப ஜெபம், சாவு வீட்டுக்கு முதல் ஆளாகப் போவது இரண்டுமே கட்டளையாக எழுதப்பட்டதில்லை. நல்லது என்பதால் காப்பாற்றுகிறோம். சோதித்துப் பார்ப்பது என்றால் தூக்கிப் போடுவது மட்டும்தானா? "எல்லாவற்றையும் சோதித்துப்பார்த்து" என்று சொல்லும் 1 தெசலோனிக்கேயர் 5இல், "நலமானதைப் பிடித்துக்கொள்ளுங்கள்" என்றும் அதே வசனத்தில்தான் இருக்கிறது.

தாலி விஷயம் இளசுகள் எழுப்பியது. சமூக வலைத்தளத்தில் யாரோ "கிறிஸ்தவனுக்குத் தாலி எதற்கு" என்று பேசிய வீடியோ. இது ஏதோ புதிய புரட்சி மாதிரி பேசினார்கள். முந்நூறு வருஷத்துக்கு முன்பே தீர்த்துப் பார்த்த வழக்கு இது. மதுரையில் ஊழியம் செய்த கத்தோலிக்க குரு ராபர்ட் டி நொபிலி, கிறிஸ்தவர்களானவர்களைப் பூணூல், குடுமி, சந்தனம் இவற்றை வைத்துக்கொள்ள விட்டதை 1623இல் போப் பதினைந்தாம் கிரகோரி சில நிபந்தனைகளோடு அனுமதித்தார். அதே வருஷம்தான் நொபிலி மதுரையிலிருந்து கிளம்பி, சேந்தமங்கலம் வழியாக இந்தச் சேலத்துக்கே வந்து சேர்ந்தார். பிறகு 1704இல் டூர்னோன் என்ற போப்பின் தூதர் புதுச்சேரியில் ஓர் ஆணை போட்டார். பிள்ளையார் உருவம் பொறித்த தாலி கூடாது, கல்யாணத்தில் தேங்காய்ச் சடங்கு கூடாது, பெண் வயசுக்கு வந்ததற்கு விழா எடுக்கக் கூடாது, மாதவிலக்கு என்று பெண்களைத் தேவாலயத்துக்கு வெளியே நிறுத்தக் கூடாது. தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட மக்கள் நோயில் கிடந்தால் குருக்கள் அவர்கள் வீட்டுக்குள் போய்ச் சடங்குகளைச் செய்ய வேண்டும் என்பதும் அந்த ஆணையில் உண்டு.

தாலியில் பிள்ளையார் போய்ச் சிலுவை வந்தது. அது சுலபம். கடைசி விஷயம்தான் இழுத்துக்கொண்டே போனது. 1744இல் போப் பதினான்காம் பெனடிக்ட் இந்த வழக்கை முடித்து வைத்தபோது, அந்த மக்களுக்கென்று தனியாகக் குருக்களை வைத்துக்கொள்ளும் ஏற்பாட்டை ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. நம்ம சீர்திருத்த சபைக்காரர்கள் இதைக் கேட்டு "ஆர்.சி.க்காரங்க (ரோமன் கத்தோலிக்கர்) அப்படித்தான்" என்று மார்தட்ட வேண்டாம். 1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் சாதி வித்தியாசம் சபையில் உடனே ஒழிய வேண்டும் என்று எழுதியபோது, தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் சபையை விட்டு வெளியே போனார்கள். சாதியை விடவில்லை.

தாலி செய்ய செவ்வாய்ப்பேட்டையில் ஆசாரியிடம் போனோம். தட்டில் அச்சுகளைப் பரப்பி வைத்து, "சிலுவையா, புறாவா, பைபிளாங்க?" என்றார். மாப்பிள்ளை வீட்டு வழக்கம் சிலுவை. சரி என்றோம். கணவன் மனைவி என்பதற்கு ஓர் அடையாளம், அவ்வளவுதான். அதைக் கழற்றி வைத்தால் புருஷனுக்கு ஆகாது என்ற பயத்தை மட்டும் கட்டிவிடாதீர்கள் என்று ஆயர் அய்யா கல்யாணப் பெண்ணிடம் பிறகு தனியாகச் சொன்னார்.

நலங்கு அப்படி முடியவில்லை. அப்பா இறந்த பிறகு எங்கள் அம்மா எந்த நலங்கிலும் முன்னால் வந்ததில்லை. சொந்தத்தில் ஒரு கல்யாணம். அன்று அம்மா காபி டம்ளர்களை அடுக்கிய தட்டோடு சமையலறை நிலைப்படியிலேயே நின்றுவிட்டார். உள்ளே பெண்ணுக்குச் சந்தனம் பூசிக்கொண்டிருந்தார்கள். தட்டை வாங்கத்தான் ஆள் வந்தது, அவரைக் கூப்பிட யாரும் வரவில்லை. இப்போது கல்யாணம் அம்மா வளர்த்த பேத்திக்கு. அண்ணி வேலைக்குப் போனதால் குளிப்பாட்டி, தலைசீவி, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியது எல்லாம் அம்மாதான்.

நாங்கள் வாசித்தது ரூத் புத்தகம் முழுவதும். கல்யாணப் பெண்ணே விதவை. கல்யாணத்தை முன்னின்று முடித்த மாமியார் நகோமியும் விதவை. குழந்தை பிறந்ததும் அதை எடுத்து மடியில் வைத்து வளர்த்ததும் நகோமிதான். ஊர்ப் பெண்கள் சேர்ந்து வாழ்த்துகிறார்கள். அந்தக் குழந்தையின் பேரன்தான் தாவீது. அதோடு லூக்கா 2இல் வரும் அன்னாள். எண்பத்துநாலு வயது விதவை தேவாலயத்தில் குழந்தை இயேசுவைப் பார்த்து எல்லோரிடமும் பேசுகிறார். அபசகுனம் என்று யாரும் ஒதுங்கவில்லை.

வாசித்து முடித்ததும் எல்லோரும் அம்மாவைப் பார்த்தோம். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "எல்லாம் சரி கண்ணு. நாளைக்குப் புள்ளைக்கு ஒரு தலைவலி வந்தாலும் நான் தொட்டதாலேன்னு சொல்லுவாங்க. அந்தப் பேச்சை என்னால தாங்க முடியாது." ஒடுக்கப்படுகிறவரே ஒதுங்கி நிற்பார். அவருக்கு வேத அறிவு குறைவு என்று அர்த்தமில்லை. பழி தன்மேல் விழும் என்று அவருக்குத் தெரியும். அதனால் வசனத்தைக் காட்டி அவரை முன்னால் தள்ளுவதால் பயனில்லை. பழி விழாதபடி மற்றவர்கள்தான் ஏதாவது செய்ய வேண்டும். அண்ணன் மாப்பிள்ளையின் அம்மாவிடம் பேசினார். நலங்கன்று அந்தம்மா நேராக எங்கள் அம்மாவிடம் வந்து கையைப் பிடித்து, "நீங்க முதல்ல வைங்கக்கா, அப்புறம்தான் நான்" என்றார். சம்பந்தியே கூப்பிட்ட பிறகு யார் என்ன சொல்ல முடியும்? அம்மாவின் விரல் நடுங்கி சந்தனம் பேத்தியின் காதுவரை இழுத்துவிட்டது. ஓரமாக முணுமுணுத்த ஓர் அத்தை இன்னமும் முணுமுணுக்கிறார்.

இனி பணம். இதுதான் இருப்பதிலேயே கஷ்டமானது. மாப்பிள்ளை வீட்டார் "எதுவும் வேண்டாம், உங்க பொண்ணுக்கு நீங்க செய்யறதைச் செய்யுங்க" என்று சொல்லியிருந்தார்கள். இந்த வாக்கியத்தின் விலை எத்தனை பவுன் என்று பெண்ணைப் பெற்ற ஒவ்வொருவருக்கும் தெரியும். வீட்டுப் பத்திரத்தை வைத்துக் கடன் வாங்கத் தயாராக இருந்தார் அண்ணன். வேதத்தில் பெரும்பாலும் பிள்ளை வீடுதான் பரிசம் கொடுக்கிறது. ராகேலைக் கட்டிக்கொள்ள யாக்கோபு ஏழு வருஷம் ஆடு மேய்த்தான். பெரியப்பா இதிலும் விடவில்லை. காலேப் தன் மகள் அக்சாளுக்கு நிலமும் நீரூற்றும் கொடுத்தானே என்றார். உண்மைதான், யோசுவா 15இல் இருக்கிறது. மகள் கேட்டாள், தகப்பன் கொடுத்தான். மாப்பிள்ளையின் சித்தி போன் செய்து எத்தனை ஏக்கர் என்று விசாரிக்கவில்லை.

அண்ணன் அதுவரை பேசாமல் இருந்தார். பிறகு, "அம்மா முழங்கால் ஆபரேஷனைத் தள்ளிப் போட்டுக்கிட்டு வர்றது இதனாலதான்" என்றார். கல்யாணம் முடியட்டும் என்று அம்மாவே சொல்லியிருந்தார். எல்லோரும் அதைப் பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டிருந்தோம். முதல் வியாழன் வாசித்த மாற்கு 7ஐ அன்று யாரும் திறக்கவில்லை. திறக்க வேண்டியிருக்கவும் இல்லை. அண்ணனும் மாமாவும் மாப்பிள்ளை வீட்டுக்கு நேரில் போய், கடன் வாங்காமல் எவ்வளவு போட முடியுமோ அதைச் சொல்லிவிட்டு வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பாவுக்கு முகம் கொஞ்சம் மாறியதாம். மாப்பிள்ளை போனில் "சரிங்க மாமா" என்றதோடு முடிந்தது. இதைப் பேசுவதாக இருந்தால் நிச்சயதார்த்தத்துக்கு முன்பே பேசிவிடுங்கள், தரகர் மூலமாக அல்ல, நேரில். கல்யாணம் ஆடியில் நல்லபடியாக நடந்தது. ஐப்பசியில் அம்மாவுக்கு ஆபரேஷன்.

வயசுக்கு வந்த சடங்கு, புதுவருஷ ராத்திரி வசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டை எடுப்பது இவை பற்றியும் பேசினோம். சடங்கைப் பிள்ளைகளே வேண்டாம் என்கிறார்கள், ஃப்ளெக்ஸ் பேனரில் தன் படம் வருவதை எந்தப் பெண் விரும்புவாள்? அட்டை விஷயத்தில் ஒத்துப்போகவில்லை. வசனம் வசனம்தான் என்கிறார் அம்மா. குலுக்கி எடுத்து வருஷப் பலன் பார்த்தால் அது கிளி ஜோசியம் என்கிறேன் நான். அவர் எடுக்கிறார், நான் எடுப்பதில்லை.

நாங்கள் பெண் வீடு. சீர் வேண்டாம் என்று பேசுவது பெண் வீட்டுக்கு வசதியான வேதபாடம் என்று யாராவது சொன்னால் மறுக்க மாட்டேன். இப்போது அண்ணன் பையனுக்குப் பெண் பார்க்க ஆரம்பித்திருக்கிறோம். பயோடேட்டாவில் சபை என்ற வரிக்கு மேலேயே சாதி என்ற வரி. அண்ணன் அதை எழுதாமல் கொடுத்தார். தரகர் மறுநாளே கூப்பிட்டு, "ஒரு லைன் காலியா இருக்குதுங்களே, அது இல்லாம எந்த வீட்டுக்கும் அனுப்ப முடியாதுங்க" என்றார். சீர் விஷயத்தில் எங்களோடு நின்ற அண்ணி, இதில் மட்டும் நிரப்பிக் கொடுத்துவிடலாம் என்கிறார். வரும் வியாழன் கலாத்தியர் 2: அந்தியோகியாவில் யூதரல்லாதவர்களோடு சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு அந்தப் பந்தியை விட்டு விலகிப் போனதும், எல்லார் முன்பாகவும் பவுல் அவரைக் கேட்டதும். பேசப்போவது அண்ணிதான்.